விதைக்குப் பில் கேட்டேன், அம்மா மாத்திரைக்குக் கேட்கவில்லை

சில இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், 'கடையில் வாங்கும் பூச்சிமருந்து அசலா, போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்று கேட்டிருந்தார். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள், பில்லை அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள் என்று பதில் வந்திருந்தது.

படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. இதையெல்லாம் 20 வருடமாகச் செய்கிறவன் நான். நெல் விதை மூட்டை வாங்கினால் நீல அட்டையா வெள்ளை அட்டையா என்று பார்ப்பேன். முளைப்புத்திறன் எவ்வளவு, சோதித்த தேதி என்ன என்று பார்ப்பேன். பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்க்காமல் கையில் எடுக்க மாட்டேன். பில் தர மாட்டேன் என்று சொன்ன ஒரு உரக்கடையில் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை மாத்திரை வாங்கினேன். ஒரு நாள்கூட பில் கேட்டதில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை. அதனால் என்ன ஆனது என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டை பக்கம். தென்னையும் கொஞ்சம் நெல்லும். பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு மருந்துக்கடை. கடைக்காரரை ஊரே 'மெடிக்கல் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். அவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் தோப்பில் இருந்த 210 மரங்களில் 34தான் நின்றன. மூன்று வாரத்துக்கு மேல் கரன்ட் இல்லை. அந்த நாட்களில் மெடிக்கல் அண்ணன் கடையை மூடவில்லை. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசு கேட்கவில்லை. "மரம் காய்ச்சதும் குடு தம்பி" என்றார். தென்னங்கன்று வைத்தால் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் வீட்டிலும் தோப்பு உண்டு. என் கணக்கை முழுதாக அடைக்க இரண்டு வருடம் ஆனது. ஒரு தடவைகூட அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. என் மகனுக்கு ராத்திரி 1 மணிக்குக் காய்ச்சல் 103 ஏறியபோது லுங்கியோடு வந்து கதவைத் திறந்து மருந்து கொடுத்தவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவரிடம் பில் கேட்டால் அது அவர்மேல் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடாதா? உங்களில் பாதிப் பேர் இப்போது இதைத்தான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அதில் கிளிமிபிரைடு, மெட்பார்மின் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'எம்1' என்று இருக்கும். கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் என்று அதற்கு அர்த்தம். அதே கம்பெனியில் 'எம்2' என்று இன்னொன்று வரும். அதில் 2 மில்லிகிராம். அட்டை, எழுத்து, நிறம் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்த விவரம் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மா பழைய அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் கொடுப்பார். நான் அதைக் கடையில் காட்டுவேன். அவர்கள் கத்தரித்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

ஐப்பசி மாதம். கையில் காசு இறுக்கம். நடவு முடிந்த நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முழு அட்டை வாங்காமல் மூன்று நாளைக்கு ஆறு மாத்திரை கேட்டேன். கடையில் அண்ணன் இல்லை. எங்கள் தோப்பில் தேங்காய் பறிக்கிறவரின் மகன் நின்றான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த பையன். ஆறு மாத்திரை கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தான். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளும் அம்மாவுக்குச் சளி, வாய்க்கசப்பு. ராத்திரி அரை இட்லியோடு எழுந்துவிட்டார். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலை 4 மணி இருக்கும். என் மனைவி தட்டி எழுப்பினாள். "அத்தைக்கு என்னமோ ஆயிடுச்சு, வந்து பாருங்க." அம்மாவின் ரவிக்கை, புடவை எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி வேர்வையில் நனைந்திருந்தது. மழைக் குளிர் வேறு. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. 20 வருடத்துக்கு முன்பு இறந்துபோன எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சர்க்கரை பார்க்கும் மிஷின் உண்டு. ஓடிப்போய் வாங்கி வந்தோம். 41 என்று காட்டியது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி குத்தினோம். 39. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவால் விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். நினைவே இல்லாமல் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று அவரே சொன்னார். 108-க்குப் போன் போட்டோம்.

அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். 7 மணிக்கெல்லாம் அம்மா எழுந்து உட்கார்ந்து, "மாடு கறந்தாச்சா?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. வீட்டுக்குக் கிளம்பலாமா என்றேன். டாக்டர் திட்டினார். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் கொடுத்ததும் ஏறி, மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி மறுபடி இறங்குமாம். அதனால் ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதே மாதிரி மதியம் 2 மணிக்கு மறுபடி 58-க்கு இறங்கியது. காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். மனைவி காகித உறையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். உள்ளே மாத்திரை தீர்ந்த அட்டைத் துண்டு. பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. பேட்ச் எண் இல்லை. காலாவதித் தேதி இல்லை. உறைமேல் எதுவும் எழுதவில்லை. பில்லும் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து மருந்தாளுநர் அம்மா ஒருவர் வந்தார். துண்டை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டுப்பட்ட எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பழைய டாக்டர் சீட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"சீட்டுல எம்1 இருக்கு. இது எம்2. ஒரு நாளைக்கு 2 மில்லி போக வேண்டிய இடத்துல 4 மில்லி போயிருக்கு. சாப்பாடும் சரியா இல்ல."

அவ்வளவுதான். போலி மருந்து இல்லை, காலாவதி மருந்து இல்லை. நல்ல கம்பெனியின் நல்ல மருந்துதான். ஒரே ஒரு எண் மாறிப்போனது.

அம்மா தூங்கின நேரத்தில் அந்த மருந்தாளுநர் அம்மாவிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். "உங்க ஊர்க் கடையில பார்மசிஸ்ட் யாரு?" என்றார். மெடிக்கல் அண்ணன்தான் என்றேன். "அவர் படிச்சிருக்காரா?" எனக்குத் தெரியவில்லை. கடைச் சுவரில் கண்ணாடி போட்ட இரண்டு மூன்று காகிதங்கள் மாட்டியிருக்கும். நான் அதைச் சாமி படம் மாதிரிதான் பார்த்திருக்கிறேன். படித்துப் பார்த்ததில்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. மருந்துக்கடை வைக்க 1940-ஆம் வருடத்து மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதை வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சில்லறைக் கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநர் வேலை என்று 1948-ஆம் வருடத்து மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆம் பிரிவே சொல்கிறது. கடையில் உதவிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் மருந்தாளுநர் அங்கே இருந்து மேற்பார்க்க வேண்டும்.

"சட்டம் எதுக்கு அப்படிச் சொல்லுது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "எம்1-ஐயும் எம்2-ஐயும் படிக்கத் தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருக்காங்க. மாறினா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் நிக்கணும். அதுக்குத்தான்."

மறுநாள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். முதல் வேலையாகச் சுவரில் இருந்த காகிதங்களைப் படித்தேன். உரிமம் அண்ணன் பெயரில் இருந்தது. மருந்தாளுநர் சான்றிதழில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த முகத்தைக் கடையில் பார்த்ததும் இல்லை.

அண்ணனிடம் அட்டைத் துண்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் முதலில் வந்த வார்த்தை, "நீங்கதானே தம்பி ஆறு மாத்திரை வெட்டித் தரச் சொன்னீங்க. முழு அட்டை வாங்கியிருந்தா பேர் தெரிஞ்சிருக்கும்ல" என்பதுதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கத்திவிட்டேன். கடை முன்னால் ஆள் சேர்ந்துவிட்டது. பையன் உள்ளே அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதான்.

என் தங்கை தஞ்சாவூரிலிருந்து வந்தவள் ஒரே பிடியாக நின்றாள். மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுது, ஆள் இல்லாத சான்றிதழை மாட்டிக் கடை நடத்துகிறார் என்று எழுது என்றாள். எழுதவும் எழுதினேன். இரண்டு பக்கம். சட்டைப் பையில் நான்கு நாள் வைத்துக்கொண்டு சுற்றினேன். கடையை மூடிவிட்டால் ஊருக்கு அடுத்த மருந்துக்கடை 9 கிலோமீட்டர். கஜா சமயம் அவர் ஏற்றி வைத்த மெழுகுவத்தி ஒரு பக்கம் நினைவுக்கு வருகிறது. அம்மா செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டது இன்னொரு பக்கம். "அத்தை போயிருந்தா அவரு கடன் குடுத்தது கணக்குல வருமா?" என்று மனைவி கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இந்த நான்கு நாளில் என் பக்கத்துத் தப்பையும் யோசித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னதில் கோபப்பட்டேனே தவிர, அதில் பாதி உண்மை இருந்தது. சீட்டைக் கொண்டுபோகாமல் அட்டைத் துண்டைக் காட்டிப் பழகியது நான். துண்டாக வெட்டச் சொன்னது நான். அது மட்டுமா? தொண்டை வலி என்றால் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மூன்று மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டால் மிச்சத்தை ஆட்டுக்குக் காய்ச்சலுக்குக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். கொடுக்காவிட்டால் "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருக்கிறேன். ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கோடு எங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை அட்டையில் கிடந்தது தெரியுமா?

மாட்டுக் கதை இன்னும் மோசம். மாடு காலை நொண்டினால் மனிதர்களுக்கான டைக்ளோபினாக் ஊசியை மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணமாக நடந்தது. மாடுகளுக்கு அந்த மருந்தை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அதை ஒரே தடவைக்கான 3 மில்லி அளவில்தான் விற்க வேண்டும் என்று குறைத்தார்கள். மாட்டுக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, கால்நடை மருத்துவரைக் கேட்டால் சொல்வார். விதி கடைக்காரருக்கு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கேட்டு வாங்கிய நாங்களும் சேர்ந்துதான் அந்தக் கடையை அப்படி ஆக்கினோம்.

ஐந்தாம் நாள் மெடிக்கல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மாவைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். சான்றிதழுக்கு உரியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார், மாதம் ஒரு தொகை போகிறது, பல இடத்தில் இப்படித்தான் என்றார். அதை அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பையனை நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். அப்போதுதான் நான் சட்டைப் பையிலிருந்த புகாரை எடுத்துக் காட்டினேன். "பையனை நிறுத்தாதீங்கண்ணே. அவன் இடத்துல யாரு நின்னாலும் இதே ஆகும். படிச்ச ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்க. பில் போடுங்க. இல்லேன்னா இதை அனுப்பிடுவேன்" என்றேன். அது மிரட்டல் மாதிரி இருந்தது. மிரட்டல்தான்.

பொங்கலுக்குள் ஒரு மருந்தாளுநரை வேலைக்கு வைத்தார். டி.பார்ம் முடித்த பக்கத்து ஊர்ப் பெண். காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை. அந்தப் பெண் வந்த பிறகு கடையே வேறு மாதிரி ஆனது. முதல் வாரத்திலேயே பெயர் ஒரே மாதிரி இருக்கும் மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் வேறு வேறு அடுக்கில் பிரித்து வைத்தார். எம்1 இடது பக்கம், எம்2 வலது பக்கம். காலாவதியாகப் போகும் சரக்கைத் தனிப் பெட்டியில் போட்டு, விற்பனைக்கு இல்லை என்று ஒட்டினார். வெயில் நேராக விழும் முன் அலமாரியில் இருந்த டானிக் பாட்டில்களை உள்ளே மாற்றினார். ஆன்டிபயாடிக்கில் சில வகைகளும் காசநோய் மருந்துகளும் 'ஹெச்1' என்ற பட்டியலில் வருமாம். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டுமாம். 2014-லிருந்து இருக்கிற விதி. எங்கள் கடையில் அந்தப் பதிவேட்டை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில்தான் அண்ணனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சண்டை வந்தது. கடையில் ஒரே ஃபிரிட்ஜ். அதில் இன்சுலினோடு கூல்டிரிங்க்ஸ், அண்ணன் வீட்டுத் தயிர், வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய பூ. ராத்திரி கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். கரன்ட் பில் மிச்சம். இன்சுலின் பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மேலே ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்தாலும் தப்பு. ஒரு தடவை உறைந்துவிட்டால் அந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது. உருகின பிறகு கண்ணால் பார்த்து உறைந்ததா இல்லையா என்று சொல்லவும் முடியாது. வாங்கிப் போகிறவர் ஊசி போட்டுக்கொண்டே இருப்பார், சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு வேறு கடையில் நல்ல இன்சுலின் வாங்கினால் கூட்டிய அளவு ஆளைக் கவிழ்த்துவிடும். பால் சொசைட்டியில் குளிர்பதனம் நின்றால் பால் திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்சுலின் காட்டிக்கொடுக்காது. இப்போது ஃபிரிட்ஜுக்குத் தனி சுவிட்ச், உள்ளே 150 ரூபாய் வெப்பமானி. கூல்டிரிங்க்ஸ் இன்னும் இருக்கிறது. பூவும் தயிரும் வெளியேறிவிட்டன.

நானும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். அட்டைத் துண்டைக் காட்டுவதில்லை, சீட்டைத்தான் கொண்டுபோகிறேன். காசு குறைவாக இருக்கும் மாதங்களில் இன்றைக்கும் பாதி அட்டைதான் வாங்குகிறேன். அது குற்றமில்லை. ஆனால் பேட்ச் எண்ணும் தேதியும் அச்சடித்த பக்கம் என்னிடம் வருகிறதா என்று பார்க்கிறேன். வராவிட்டால் பில்லில் எழுதி வாங்குகிறேன். வீட்டில் மாத்திரை தின்னும்போதும் தேதி இருக்கும் முனையைக் கடைசியில் பிரிக்கச் சொல்லி அம்மாவுக்குப் பழக்கியிருக்கிறேன். காலாவதி '05/2026' என்று போட்டிருந்தால் அந்த மே மாதம் கடைசி நாள்வரை சாப்பிடலாம், முதல் தேதியே தூக்கிப்போட வேண்டியதில்லை. மருந்தை வாங்கியதும் கடையிலேயே நின்று சீட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் அட்டையில் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஆங்கிலம் படிக்க வராதவர்கள் எண்ணை மட்டுமாவது பாருங்கள். 500-க்கு 500, 1-க்கு 1. 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு தயாரான, அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கோடு இருக்கும். செல்போனில் காட்டினால் பேட்ச், தேதி எல்லாம் வரும். என் மகன் காட்டிப் பார்க்கிறான், எனக்கு அதில் பொறுமை இல்லை.

பில் கேட்ட முதல் வாரம் பின்னால் நின்ற சித்தப்பா ஒருவர், "ஏண்டா, நாலு ரூவா மாத்திரைக்குப் பில்லா? மெடிக்கல்காரனைப் போய்ச் சந்தேகப்படுறியே" என்று சத்தம் போட்டார். "உங்க உரக்கடைக்காரரும் மச்சான் முறைதானே சித்தப்பா, அவர்கிட்ட மட்டும் எதுக்குப் பில் கேக்குறீங்க?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அவர் இன்னும் பில் வாங்குவதில்லை.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. தொழிற்சாலை இருந்தது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். செய்தியில் மருந்தின் பெயரோடு எஸ்.ஆர்.-13 என்று பேட்ச் எண்ணையும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் கைக்குழந்தையோடு நாலைந்து பெண்கள் கடை வாசலில் பயந்துபோய் நின்றார்கள். வீட்டில் இருந்த இருமல் மருந்து பாட்டில்களைக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டிலில் லேபிளே கரைந்துபோயிருந்தது. மெடிக்கல் அண்ணன் பில் கட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். முக்கால் மணி நேரம். அந்த மருந்து எங்கள் கடைக்கு வரவே இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகச் சொன்னார். லேபிள் கரைந்த பாட்டிலை வாங்கி, எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்று ஓரமாக எடுத்து வைத்தார். அந்தப் பெண்ணிடம் பணம் வாங்காமல், குழந்தையைச் சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லி அனுப்பினார்.

அன்று ராத்திரி என்னைப் பார்த்தபோது, "பில்லு போட ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எழுதிய புகாரை நான் அனுப்பவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. அது பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கிறது. தங்கை இன்னும் நான் செய்தது தப்பு என்கிறாள். உங்கள் ஊரில் இப்படி நடந்து, பேசிப் பார்த்தும் கடைக்காரர் கேட்கவில்லை என்றால், மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். என்னைப் போலப் பையில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். அட்டை, பில், சீட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கும் பிடி கிடைக்கும்.

மருந்தாளுநர் பெண் சாயங்காலம் 5 மணி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். தோப்பு வேலை முடித்து ஆட்கள் மருந்து வாங்க வருவது 6 மணிக்கு மேல்தான். அந்த நேரத்துக்கு இன்னும் பழைய பையன்தான் நிற்கிறான். இப்போது அவன் மாத்திரையை எடுத்ததும் கொடுத்துவிடுவதில்லை. சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்துச் சத்தமாகப் படிக்கிறான். சட்டப்படி அது போதாது. இன்னொரு ஆளைப் போட வருமானம் கட்டுப்படியாகாது என்கிறார் அண்ணன். அம்மா மாத்திரையை நான் பகலில் போய் வாங்கிவிடுகிறேன்.